பகிடியும் கொடுமையும்: பாடசாலையில் நெடுநாள் துன்புறும் பிள்ளைக்கு நாம் செய்யவேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வரை ஓடியாடி விளையாடிய பிள்ளை இருட்டியதும் வாயடைத்துப் போகிறது. திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்கிறது. வைத்தியரிடம் காட்டினால் நோய் எதுவும் இல்லை என்கிறார். பாடசாலைக்குப் போகாமல் இருப்பதற்கான நடிப்பு என்று வீட்டார் முடிவுசெய்து, இரண்டு அதட்டுப் போட்டு அனுப்பிவைக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமையும் அதே வயிற்றுவலி வருகிறது.

இப்படி ஒரு பிள்ளை இல்லாத கிராமமோ பட்டினமோ மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இருக்க முடியாது. அந்த வலி பெரும்பாலும் நடிப்பல்ல. அச்சம் நீண்டகாலம் உடலில் தங்கும்போது தலைவலியாகவும், வயிற்றுவலியாகவும், வாந்தியாகவும், சில வேளைகளில் இரவில் படுக்கையை நனைப்பதாகவும் வெளிப்படும். பிள்ளை வாயால் சொல்ல முடியாததை உடல் சொல்கிறது. அதைக் கேட்கத் தெரிந்துகொள்வதே பெற்றோரின் முதற்கடமை.

பகிடி எது, கொடுமை எது?

நமது பேச்சு வழக்கில் 'பகிடி' என்ற சொல் மிக விரிவானது. நண்பர்களுக்கிடையிலான வேடிக்கையும் பகிடிதான். ஒரு பிள்ளையை நாள்தோறும் அழவைப்பதும் பகிடிதான். 'பகிடிவதை' என்ற சொல்லோ பல்கலைக்கழகங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே, ஆறாந்தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு நடக்கும் கொடுமையைக் குறிக்க நம்மிடம் ஒரு கனமான சொல்கூட இல்லை. சொல் இல்லாத இடத்தில் முறைப்பாடும் எழுவதில்லை. "சும்மா பகிடி விட்டவங்கள்" என்ற ஒரு வசனத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இரண்டையும் பிரித்தறிய உலகெங்கும் பயன்படும் அளவுகோலை வகுத்தவர் நோர்வேயில் பணியாற்றிய உளவியல் பேராசிரியர் டான் ஒல்வேயஸ். 1970களில் இவ்வாய்வைத் தொடங்கிய அவர் மூன்று அடையாளங்களைக் காட்டினார். முதலாவது, துன்புறுத்தும் நோக்கம் இருத்தல். இரண்டாவது, அது மீண்டும் மீண்டும் நிகழ்தல். மூன்றாவது, இரு தரப்பினருக்கும் இடையில் வலுச் சமமின்மை இருத்தல். சம வலுவுள்ள இரு மாணவர்கள் விளையாட்டு மைதானத்தில் ஒருநாள் அடிபட்டுக்கொள்வது சண்டை. ஐந்து பேர் சேர்ந்து ஒருவனை மாதக்கணக்காக 'கொன்னை' என்று அழைப்பது கொடுமை. சண்டைக்கு இரு தரப்பையும் சமாதானம் செய்துவைக்கலாம். கொடுமைக்கு அது மருந்தாகாது. ஏனெனில் அங்கே இரு தரப்பும் சமமல்ல. "இரண்டு பேரும் கைகொடுங்கள்" என்று சொல்லி ஆசிரியர் அனுப்பிவைக்கும் பிள்ளை, வகுப்பறை வாசலைத் தாண்டியதும் முன்னரைவிட மோசமாகத் துன்புறுத்தப்படலாம்.

இக்கொடுமைக்கு அடி உதை கட்டாயமில்லை. பட்டப்பெயர் சூட்டுதல், புத்தகப் பையை ஒளித்துவைத்தல், இடைவேளைச் சாப்பாட்டைப் பறித்தல், விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குதல், வீட்டாரைப் பற்றி வதந்தி பரப்புதல், வட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுச் சிரித்தல் ஆகிய அனைத்தும் இதன் வடிவங்களே. பெண்பிள்ளைகளிடையே ஒதுக்குதலும் வதந்தியும் அதிகம். அவை காயமோ கிழிந்த சட்டையோ விட்டுச்செல்வதில்லை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

நமது கரையில் இதன் முகம்

பாடசாலைக் கொடுமை உலகப் பொதுவானது. 13 முதல் 15 வயது வரையான மாணவர்களை முதன்மையாகக் கொண்ட பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ மூன்று மாணவரில் ஒருவர் கடந்த ஒரு மாத காலத்துள் ஒருமுறையேனும் சக மாணவரின் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியது. தோற்றத்திலோ உடலமைப்பிலோ வேறுபட்டிருப்பதே முதற்காரணம் எனவும், இனம், தேசியம், நிறம் ஆகியவை அடுத்து வருவன எனவும் அது சுட்டியது. ஆயினும் ஒவ்வொரு மண்ணிலும் இக்கொடுமை அந்த மண்ணின் பிளவுகளைப் பற்றிக்கொண்டே வளர்கிறது.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து நகரப் பாடசாலைக்கு வரும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாவியைக் கடப்பது எளிதாயிற்று. ஆனால் பேச்சிலும் உடையிலும் காலணியிலும் உள்ள வேறுபாட்டைப் பாலம் போக்கிவிடவில்லை. சொந்த ஊரில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தவர் இங்கே 'காட்டான்' ஆகிறார். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாகத் தொழில்புரியும் தாயின் பிள்ளை, அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ வளர்கிறது. அந்தத் தாயின் பெயரை இழுத்துப் பேசுவதே அப்பிள்ளையைத் துன்புறுத்தும் எளிய வழியாகிறது. தந்தையைப் போரில் இழந்த குடும்பத்தின் பிள்ளை, மீன்பிடித் தொழிலாளியின் பிள்ளை, கறுப்பு நிறத்தவர், பருத்தவர், திக்கிப் பேசுபவர், காது மந்தமானவர் எனப் பட்டியல் நீளும்.

இனத்தையும் இங்கு மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1990ஆம் ஆண்டின் படுகொலைகள் தமிழர் மனத்திலும் முஸ்லிம்கள் மனத்திலும் விட்டுச்சென்ற வடுக்களை நாம் அறிவோம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தினத்தில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் பல சிறுவர்களும் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தின் பின்னர், அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் பிள்ளைகள் சுடுசொற்களைக் கேட்க நேர்ந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள இடங்களில் தமிழ்ப் பிள்ளைகள் கேட்கும் சொற்களும் இனிமையானவை அல்ல. பிள்ளைகள் இச்சொற்களைத் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. நமது திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் கேட்டவற்றையே வகுப்பறைக்கு எடுத்துச் செல்கின்றனர்.

பட்டப்பெயர் சூட்டிப் பரிகசிப்பதைத் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் வெளிப்படையாகவே தடைசெய்கிறது. திருவள்ளுவர் இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். இரு சமூகத்தவரும் மேடைகளில் பெருமையோடு எடுத்துரைக்கும் இவ்வறங்கள் பாடசாலை முற்றத்தில் ஏன் காணாமற் போகின்றன என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலம் ஆற்றாத காயம்

"எல்லாரும் இதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் ஆறுதல். ஆய்வுகள் வேறுவிதமாகக் கூறுகின்றன. பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டில் ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து வருகின்றனர். அவர்களுள் 7,771 பேரின் விபரங்களை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்களிடையே, நடுவயதிலும் மனச்சோர்வு, பதகளிப்பு, தற்கொலை எண்ணம் ஆகியன மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டன. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அக்காயம் முற்றாக ஆறவில்லை என்பதே இதன் பொருள்.

இதைக் கூறுவது பெற்றோரை அச்சுறுத்துவதற்காக அல்ல. துன்புறுத்தப்பட்ட பிள்ளைகள் அனைவரும் இந்நிலைக்கு ஆளாவதில்லை. வீட்டில் ஒருவரேனும் நம்பிக் கேட்கும் பிள்ளையும், ஒரு நல்ல நண்பராவது உள்ள பிள்ளையும் பெரும்பாலும் மீண்டெழுகின்றனர். அந்த ஒருவராக நாம் இருக்க முடியும் என்பதே இதிலுள்ள நற்செய்தி.

வீட்டில் செய்யவேண்டியவை

முதலில் அடையாளங்களைக் கவனியுங்கள். காரணமின்றிப் பாடசாலைக்குப் போக மறுத்தல், வழக்கமான பாதையைத் தவிர்த்துச் சுற்றிப் போதல், கொப்பிகளும் பென்சில்களும் அடிக்கடி காணாமற் போதல், இடைவேளைக்குக் கொடுத்த பணம் போதாமற் போதல், வீடு திரும்பியதும் மலசலகூடத்துக்கு ஓடுதல் போன்றவை கவனத்திற்குரியவை. பாடசாலை மலசலகூடம் பெரியவர் கண்காணிப்பு இல்லாத இடம். துன்புறும் பிள்ளை நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு அதைத் தவிர்ப்பதுண்டு. தொலைபேசி ஒலித்ததும் முகம் மாறுவதும், நன்றாகப் படித்த பிள்ளையின் புள்ளிகள் திடீரெனச் சரிவதும் அவ்வாறே.

பிள்ளையை எதிரில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். துவிச்சக்கரவண்டியில் ஏற்றிச் செல்லும்போதோ, சமையலறையில் தேங்காய் துருவும்போதோ, முகத்துக்கு முகம் பாராத வேளையில் பேச்சு இலகுவாக வரும். "உன்னை யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற விடையே கிடைக்கும். "இடைவேளையில் யாரோடு இருந்தாய் மகள்? பஸ்ஸில் யார் பக்கத்தில் இருந்தாங்க?" என்று கேட்டால் நிலைமை தானாகத் தெரியவரும்.

பிள்ளை சொல்லத் தொடங்கியதும் நாம் சொல்லும் முதல் வசனம் மிக முக்கியமானது. "நீ என்ன செய்தாய்?" என்பது அந்த வசனமாக இருக்கக்கூடாது. "மகன், இதை என்னிடம் சொன்னது நல்லது. இது உன் பிழை இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இதற்கு ஒரு வழி பார்ப்போம்" என்பதே போதும். பல மாதங்களாகத் துன்புறும் பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ குறை உள்ளது என்று நம்பத் தொடங்கியிருக்கும். அந்த நம்பிக்கையை உடைப்பதே சிகிச்சையின் தொடக்கம்.

நம்மில் பலர் கூறும் இரண்டு அறிவுரைகள் பயனற்றவை. "திருப்பி அடி" என்பது ஒன்று. வலுச் சமமின்மைதான் இக்கொடுமையின் அடிப்படை. திருப்பியடிக்க வலுவிருந்தால் அப்பிள்ளை முதலிலேயே இலக்காகியிராது. அடித்துவிட்டாலோ, அதிபரின் முன் குற்றவாளியாக நிற்பதும் அதே பிள்ளைதான். "கண்டுகொள்ளாதே" என்பது மற்றொன்று. ஒருநாள் கேலிக்கு அது பொருந்தலாம். நெடுநாள் கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு, "இதில் உனக்கு உதவி இல்லை" என்ற செய்தியையே அது தருகிறது.

மாறாக, பிள்ளைக்குச் சில எளிய பயிற்சிகளைக் கொடுக்கலாம். நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, "இப்படிக் கூப்பிடாதே, எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒருமுறை சொல்லிவிட்டு விலகி, பெரியவர் இருக்கும் இடத்தை நோக்கி நடப்பது அவற்றுள் ஒன்று. அழுகையோ ஆத்திரமோ துன்புறுத்துவோருக்குப் பரிசு போன்றது. அது கிடைக்காதபோது சிலர் சலித்து விலகுவர். இதைக் கண்ணாடியின் முன்னும் அண்ணன், அக்காவோடும் பலமுறை நடித்துப் பார்க்க வேண்டும். ஆனால் இது பிள்ளைக்கு நாம் கொடுக்கும் குடை மாத்திரமே. மழையை நிறுத்தும் பொறுப்பு பெரியவர்களுடையது.

அத்துடன் ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், நடந்தது என்ன, யார் யார் அங்கிருந்தனர் என்பவற்றை எழுதிவையுங்கள். தொலைபேசியில் வரும் இழிமொழிகளை அழித்துவிடாமல் படம் பிடித்து வைத்திருங்கள். பாடசாலையில் "எப்போதும் தொந்தரவு செய்கிறார்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, மூன்று வாரத்தில் ஒன்பது சம்பவங்கள் என்று திகதியோடு காட்டுவது வலுவானது.

பாடசாலையை அணுகும் முறை

துன்புறுத்தும் பிள்ளையின் வீட்டு வாசலுக்கு நேரே போவதைத் தவிர்க்க வேண்டும். நமது ஊர்களில் பிள்ளைகளின் பிணக்கு குடும்பப் பகையாகவும், வெவ்வேறு இனத்தவராயின் ஊர்ப் பகையாகவும் மாற அதிக நேரம் பிடிப்பதில்லை. முதலில் வகுப்பாசிரியரையும், அடுத்து ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரையும், அதன்பின் அதிபரையும் சந்திப்பதே முறையாகும். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பில் "அவனைத் தண்டியுங்கள்" என்று கேட்பதைவிட, "என் பிள்ளையின் பாதுகாப்புக்கு நாளைய தினம் என்ன ஏற்பாடு?" என்று கேட்பது பயன்தரும். இடைவேளையில் யார் கண்காணிப்பார், வகுப்பில் எங்கே அமரவைக்கப்படுவார், பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் யார் நிற்பார், இரண்டு வாரத்தின் பின் மீண்டும் எப்போது சந்திப்பது என்ற கேள்விகளுக்கு விடை பெற்றே திரும்ப வேண்டும்.

முறையிட்ட பின்னர் வரும் நாட்களே மிக ஆபத்தானவை என்பதற்குத் தமிழ்நாட்டின் நாங்குநேரி நிகழ்வு கசப்பான சான்று. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், தலித் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், ஆதிக்க சாதியைச் சேர்ந்த சக மாணவர்களின் தொடர்ச்சியான துன்புறுத்தலால் பாடசாலைக்குச் செல்வதையே நிறுத்தினார். விடயம் பாடசாலையில் முறையிடப்பட்டதைத் தொடர்ந்து, 2023 ஆகஸ்ட் 9ஆம் திகதி இரவு அவர் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் படுகாயமுற்றார். அவர் உயிர்பிழைத்து, அடுத்த ஆண்டில் வெளியான பொதுத் தேர்வு முடிவுகளில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார் என்பது அவரது மனவுறுதிக்குச் சான்று. ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு முதலியவற்றைப் பாடசாலைகளில் தடைசெய்யவும், பாடசாலைப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் அது பரிந்துரைத்தது.

நமது சூழல் அதுவன்று என்று கூறி இதைக் கடந்துவிட முடியாது. முறைப்பாட்டைக் கேட்டுவிட்டு, முறையிட்ட பிள்ளையைப் பாதுகாப்பின்றி அனுப்பிவைக்கும் வழக்கம் எங்கும் ஒன்றே. முறைப்பாடும் பாதுகாப்பு ஏற்பாடும் ஒரே நாளில் நிகழ வேண்டும் என்பதே நாங்குநேரி தரும் பாடம்.

சட்டமும் நிறுவனங்களும்

1997ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அச்சட்டம் உயர்கல்வி நிறுவனங்களை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. தரம் 7 மாணவரின் துயருக்கு நேரடியாகப் பொருந்துவதன்று. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுறுதிப்படுத்தியது. அதன் 19ஆம் உறுப்புரை, எல்லா வகையான உடல், உள வன்முறைகளிலிருந்தும் பிள்ளையைக் காக்கும் கடப்பாட்டை அரசின் மீது சுமத்துகிறது. அதே 1998ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. அதன் இலவசத் தொலைபேசி இலக்கமான 1929ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பாடசாலை அசையாவிடின் கோட்டக் கல்வி அலுவலகத்தையும் வலயக் கல்விப் பணிப்பாளரையும் எழுத்தில் அணுகலாம். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் நன்னடத்தை உத்தியோகத்தர்களும் கடமையாற்றுகின்றனர். உடற்காயம், பாலியல் தொந்தரவு, பணம் பறித்தல், படங்களைப் பரப்புவதாக மிரட்டுதல் ஆகியவை பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்துக்கு உரியவை. ஏனையவற்றுக்குப் பொலிஸை நாடுமுன் ஒன்றை எண்ண வேண்டும்: துன்புறுத்துபவரும் ஒரு சிறுவரே. அவரைத் திருத்தவே நாம் முயல்கிறோம். 12 வயதுக்குட்பட்டவர் குற்றம் இழைத்தவராகக் கொள்ளப்படுவதற்கு நமது சட்டமும் இடமளிப்பதில்லை.

பிரம்பு தீர்வாகாது

கொடுமை செய்த மாணவனை வகுப்பின் முன் நிறுத்திப் பிரம்பால் அடிப்பதே நீதி என்று எண்ணும் ஆசிரியர்கள் இன்னும் உள்ளனர். கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனைக்கு இடமளிப்பதில்லை. ஆசிரியரின் அறையால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், வலுவுள்ளவர் வலுவற்றவரை அடிக்கலாம் என்ற பாடத்தையே பிரம்பு கற்பிக்கிறது. அந்தப் பாடத்தை நன்கு கற்றவர்தான் அம்மாணவர்.

பயன்தருவது எது என்பதும் தெரிந்ததே. 1982ஆம் ஆண்டின் இறுதியில் வட நோர்வேயில் மூன்று சிறுவர்கள் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவரின் கொடுமையே காரணமாகக் கருதப்பட்டது. நாடு அதிர்ந்தது. அடுத்த ஆண்டில் நாடளாவிய இயக்கம் தொடங்கியது. பேர்கன் நகரில் 42 பாடசாலைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,500 மாணவரிடையே ஒல்வேயஸ் தமது திட்டத்தைச் செயற்படுத்தினார். கொடுமைக்கெதிரான சில தெளிவான வகுப்பறை விதிகள், இடைவேளையில் ஆசிரியர்களின் கண்காணிப்பு, வாராந்த வகுப்புக் கலந்துரையாடல், சம்பந்தப்பட்ட பிள்ளைகளோடும் பெற்றோரோடும் தனித்தனியான உறுதியான பேச்சு ஆகியவையே அதன் அங்கங்கள். இரண்டு ஆண்டுகளில் கொடுமை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. நமது பாடசாலைகளிலும் நாளையே தொடங்கக்கூடியவை இவை.

பார்த்துக்கொண்டிருக்கும் மாணவரின் பங்கு இதனினும் பெரிது. கனடாவில் பாடசாலை முற்றங்களை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது சம்பவங்களின்போது வேறு பிள்ளைகள் சுற்றி நின்றனர். ஐந்தில் ஒரு சம்பவத்திலேயே அவர்களுள் யாரேனும் குறுக்கிட்டனர். ஆனால் குறுக்கிட்டபோதோ, பாதிக்கும் மேற்பட்ட தருணங்களில் பத்து விநாடிக்குள் கொடுமை நின்றது. அதே நாட்டின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் 2007ஆம் ஆண்டில், இளஞ்சிவப்புச் சட்டை அணிந்துவந்த புதிய மாணவர் ஒருவர் கேலிக்குள்ளானார். மூத்த மாணவர் இருவர் ஐம்பது இளஞ்சிவப்புச் சட்டைகளை வாங்கிச் சக மாணவருக்கு விநியோகித்தனர். கேலி செய்தோர் அடங்கிப்போயினர். நமது மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் குத்திவிடும்போது, வரிசையை ஒழுங்கு செய்வதை மட்டும் கற்பிக்காமல், தனித்து நிற்கும் பிள்ளையின் அருகில் போய் நிற்கவும் கற்பிப்போமாக.

மீண்டெழும் வழி

கொடுமை நின்றதும் பிள்ளை மறுநாளே பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. பாடசாலைக்கு வெளியே, தன்னை அந்தப் பட்டப்பெயரால் அறியாத ஒரு வட்டம் அதற்குத் தேவை. அது உதைபந்தாட்டக் கழகமாகவோ, அறநெறி வகுப்பாகவோ, குர்ஆன் மத்ரஸாவாகவோ, சாரணர் குழுவாகவோ, கூத்துப் பழகும் களரியாகவோ இருக்கலாம். ஓரிடத்தில் தோற்ற பிள்ளை மற்றோரிடத்தில் மதிக்கப்படும்போது முதுகு நிமிர்கிறது.

இதற்கு நம் மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. போர் மூண்டிருந்த 1996ஆம் ஆண்டில் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மற்றும் பலரும் சேர்ந்து மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடக்கினர். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்து களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை சொன்னார்கள், நடித்தனர். "என்ன நடந்தது, சொல்" என்று அவர்களை எவரும் நெருக்கவில்லை. பாதுகாப்பான இடமும், அவசரப்படுத்தாத பெரியவரும், கைக்கொரு வேலையும் கிடைத்தபோது பிள்ளைகள் தாமே பேசத் தொடங்கினர். பெருங்கொடுமைகளைக் கண்ட பிள்ளைகளுக்கு உதவிய இவ்வழி, வகுப்பறைக் கொடுமையால் வாடிய பிள்ளைக்கும் உதவும்.

பாடசாலையை மாற்றலாமா என்று பெற்றோர் கேட்பர். எல்லா முயற்சியும் பயனற்றுப் போனபின் அதுவும் ஒரு வழியே. அதில் தோல்வி எதுவுமில்லை. ஆனால் அம்முடிவில் பிள்ளையின் விருப்பம் கேட்கப்பட வேண்டும். "நான் துரத்தப்பட்டேன்" என்ற எண்ணத்தோடு அல்லாமல், "நான் தெரிந்தெடுத்தேன்" என்ற எண்ணத்தோடு புதிய வாசலில் கால்வைக்கட்டும்.

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, தன்னைத்தானே காயப்படுத்தல், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். மனநல வைத்தியரிடம் செல்வதைப் 'பைத்தியம்' என்று கூறும் அயலவர் வாய்க்கு அஞ்சிப் பிள்ளையை இழந்துவிடக் கூடாது.

உங்கள் பிள்ளையே பிறரைத் துன்புறுத்துவதாக முறைப்பாடு வந்தால், "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று உடனே மறுத்துரைக்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் யாரை எவ்வாறு அழைக்கிறார்கள் என்பதை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பிள்ளை வருந்தித் திருந்துவதற்கான வாய்ப்பை மறுப்பது அதற்கு இழைக்கும் தீங்காகும்.

இதை எழுதும் எனக்கும் ஒரு கடன் உண்டு. 1980களில் நான் படித்த வகுப்பில் திக்கிப் பேசும் மாணவர் ஒருவர் இருந்தார். அவரை வாசிக்க எழுப்பும் போதெல்லாம் வகுப்பு சிரித்தது. நான் அவரை ஒருநாளும் கேலி செய்ததில்லை. ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். ஒன்பதாம் வகுப்பின் நடுவில் அவர் வருவது நின்றது. ஏன் என்று ஆசிரியரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவரது முகம் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கிறது. அவருக்கு எங்கள் முகங்கள் எவ்வளவு தெளிவாக நினைவிருக்கும் என்பதை எண்ணும்போது மனம் கூசுகிறது.

இன்றும் ஏதோ ஒரு வகுப்பறையின் பின்வாங்கில் அப்படி ஒரு பிள்ளை அமர்ந்திருக்கிறது. அதன் பெற்றோர் நீங்களாக இருக்கலாம். அதன் ஆசிரியர் நீங்களாக இருக்கலாம். அதைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளையின் பெற்றோராகவும் இருக்கலாம். இன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும், எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன்னர், இடைவேளையில் யாரோடு இருந்தாய் என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.